கேசட்டும் டிவிடியும் ஓடும் காம்போ பெட்டி: வாங்குவதும் வைத்துக் காப்பதும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 1980களின் பிற்பகுதியிலிருந்து 2000களின் தொடக்கம் வரை நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு ஆகியவற்றின் பதிவு பல வீடுகளில் இன்னும் வீடியோ கேசட்டாகவே பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. போட்டுப் பார்க்க டெக் இல்லை. பழைய டெக்கைத் தேடிக் கிளம்புகிறவர்களுக்குக் கடைசியில் கேசட்டும் டிவிடியும் ஒரே பெட்டியில் ஓடும் காம்போ பிளேயரை வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் கேசட் முறையை ஜப்பானில் 1976இல் கொண்டுவந்தது. டிவிடியோ 1996இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே காம்போ எதுவானாலும் அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்கும், அதிலுள்ள ரப்பரும் பெல்ட்டும் 1980களின் டெக்கில் உள்ளவற்றைவிட வயதில் இளையவையாகத்தான் இருக்கும். வீடியோ டெக் தயாரிப்பில் கடைசி வரை நின்ற ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டதால், இனி கிடைப்பதெல்லாம் ஒருவர் வைத்திருந்து விட்ட பெட்டி அல்லது கடையில் தேங்கிய பழைய சரக்கு.

இந்தப் பெட்டியை வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுப் பார்த்தால், பாதிக்கு மேல் இதை ஒரே இயந்திரம் என்று எண்ணிக்கொள்வதால் வருபவை. ஒரே மின்வழங்கியையும் ஒரே மேல்மூடியையும் பங்கிட்டுக்கொண்டு இரண்டு இயந்திரங்கள் உள்ளே குடியிருக்கின்றன. டிவிடிப் பகுதி பழுதானால் வேறொரு சாதாரண பிளேயரை வாங்கி வேலையை முடித்துக்கொள்ளலாம். கேசட் பகுதிக்கு அப்படி மாற்று எளிதில் கிடைக்காது. எனவே விலை பேசும்போதும், சோதிக்கும்போதும், பராமரிக்கும்போதும் கேசட் பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பெட்டியில் "பிளேயர்" என்று இருக்கிறதா, "ரெக்கார்டர்" என்று இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சாதாரண காம்போவில் கேசட் பகுதியால் பதிவு செய்யவும் முடியும், ஆனால் டிவிடிப் பகுதியால் ஓட்ட மட்டுமே முடியும். "கேசட்டைப் போட்டு, பக்கத்திலேயே வெற்று டிவிடியையும் போட்டேன், ஒன்றும் ஏறவில்லை" என்று வருந்துகிறவர்கள் வாங்கியது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். கேசட்டிலிருந்து வட்டுக்கு மாற்றும் காம்போ ரெக்கார்டர் தனி வகை. அது அரிதாகவே கண்ணில் படும், விலையும் கூடுதல்.

ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் பெங்களூரின் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்த் தேடுவார்கள். தருமபுரி, அரூர், ஊத்தங்கரை பக்கம் இருப்பவர்களுக்குப் பழைய மின்னணுப் பொருள் கடையோ, அரபு நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் வீடோதான் வாய்ப்பு. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் மின்னழுத்தமும், நம் நாட்டில் புழங்கும் பால் (PAL) என்ற வண்ணப் பட முறையும் பொதுவாக நமக்கு ஒத்துப்போகும். அமெரிக்காவிலுள்ள உறவினர் கொண்டுவந்ததாக இருந்தால் பின்பக்கத்து ஒட்டுச்சீட்டைப் படிக்காமல் பிளக்கைச் சொருகவே கூடாது. அங்கே 120 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் அந்த நொடியே மின்வழங்கி கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினாலும், அந்நாட்டு வண்ணப் பட முறையான என்டிஎஸ்சிக்கு மட்டும் ஆன அமெரிக்க டெக்கில் நம்மூர் பால் கேசட்டின் படம் ஒழுங்காக வராது. மாறாக, நம் பக்கத்து பால் டெக்குகள் பல, அமெரிக்காவில் பதிவான கேசட்டையும் ஓட்டிக் காட்டும். வட்டுக்கும் இப்படி ஒரு வேலி உண்டு, கடையில் விற்கும் டிவிடி அதன் மண்டலத்துக்குரிய பிளேயரில்தான் ஓடும்: அமெரிக்கா மண்டலம் 1, வளைகுடா நாடுகள் 2, இந்தியா 5. வீட்டில் எழுதிய வட்டுக்கும் விசிடிக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் கல்யாண வட்டைப் பார்க்க இது தடையாகாது.

சோதிக்கப் போகும்போது கல்யாணக் கேசட்டை எடுத்துப் போகாதீர்கள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பழைய சினிமாக் கேசட்டைக் கொண்டுபோய், போட்டு, ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது தயங்கித் தயங்கிச் சத்தம் எழுப்பினாலோ, சுற்றும்போது நடுவில் நின்றாலோ அந்தப் பெட்டியில் பெல்ட், ரப்பர் வேலை காத்திருக்கிறது. எடுத்த கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பக்கவாட்டில் உள்ள சின்னப் பொத்தானை நகத்தால் அழுத்தி முன்மூடியைத் தூக்கினால் டேப் தெரியும். டேப்பின் கீழ் ஓரத்திலோ மேல் ஓரத்திலோ அலை அலையாக மடிப்பு விழுந்திருந்தால் டெக்கின் ரப்பர் ரோலரோ வழிகாட்டித் தூணோ சரியில்லை என்று பொருள். படம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம்.

ரிமோட்டைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கத்தில் நாலைந்து பொத்தான்கள்தான் இருக்கும். மெனுவும் ஒலித்தட மாற்றமும் பல மாடல்களில் ரிமோட்டில் மட்டுமே உண்டு. சில மாடல்களில், படத்தில் விழும் இரைச்சல் பட்டையைப் போக்கும் டிராக்கிங்கையும் அதில்தான் சரிசெய்ய முடியும். ரிமோட் தொலைந்த காம்போ என்றால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்பதில் தவறே இல்லை.

டிவியில் இணைத்தல்

"டிவிடி பளிச்சென்று தெரிகிறது, கேசட் போட்டால் திரை கறுப்பாக இருக்கிறது" என்பது காம்போ வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கக் கூடிய புகார். பெட்டியில் பழுது இருப்பதாக எண்ணி மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பல மாடல்களில் எச்டிஎம்ஐ, காம்போனென்ட், எஸ்-வீடியோ ஆகிய துளைகள் டிவிடிப் பகுதிக்கு மட்டுமே சொந்தம். கேசட்டின் படம் மஞ்சள் துளையிலும் ஆன்டெனா துளையிலும் மட்டும் வரும். பின்பக்கத்தில் துளைகளைச் சுற்றிக் கோடு போட்டு எழுதியிருப்பதை டார்ச் அடித்துப் படித்தால் எது யாருக்கு என்பது தெரிந்துவிடும். ஆக, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி கேபிள் கட்டாயம் வேண்டும். டிவிடிக்கு எச்டிஎம்ஐ வேண்டுமானால் அதைத் தனியாகவும் சொருகிக்கொள்ளலாம். இணைத்த பிறகு டிவியில் ஏவி என்ற உள்ளீட்டையும், ரிமோட்டில் கேசட்டுக்கும் வட்டுக்கும் மாற்றும் பொத்தானையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் திரை கறுப்பாகவே நிற்கும்.

புதிய எல்இடி டிவிகள் சிலவற்றில் மஞ்சள் துளையே இல்லை. அதற்குப் பதிலாக ஹெட்போன் துளை போன்ற ஒரு 3.5 மி.மீ. துளை இருக்கும். அதற்கான கேபிளை அந்த டிவிக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் உள்ளே கம்பிகளின் வரிசை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. படம் வர வேண்டிய இடத்தில் இரைச்சல் வந்தால், சிவப்பையும் மஞ்சளையும் இடம் மாற்றிச் சொருகிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம். அந்தத் துளையும் இல்லாத டிவிக்கு ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும் சிறு பெட்டி தேவை. கடையில் அதே அளவில், அதே நிறத்தில், எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் எதிர்த்திசைப் பெட்டியும் தொங்கும். எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

படம் அகலமாக இழுபட்டு எல்லாரும் குண்டாகத் தெரிந்தால் டிவியின் பட அளவை 4:3 என்று மாற்றிவிடுங்கள். இரண்டு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. விஎச்எஸ்ஸில் கிடைமட்டத் தெளிவு சுமார் 240 கோடுகள்தான்; 43 அங்குலத் திரையில் அது மங்கலாகத் தெரிவதற்கு டெக் பொறுப்பாகாது.

கேசட்டை உள்ளே விடுவதற்கு முன்

கேசட்டின் கண்ணாடிச் சன்னலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, சுற்றியிருக்கும் டேப்பின் பக்கவாட்டைப் பாருங்கள். மழமழவென்று ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகத் தூள் தூவினாற்போலவோ, வளையம் வளையமாகவோ தெரிந்தால் அது பூசணம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சுவரை ஒட்டி வைத்த பீரோவிலிருந்து எடுக்கும் கேசட்டில் இதை எதிர்பார்க்கலாம். பூசணம் பிடித்த ஒரே ஒரு கேசட்டை ஓட்டினால் போதும், அது டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனிப் பையில் போட்டுக் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து, கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் காதைப் பாருங்கள். அது முறியாமல் இருந்தால் அந்தக் கேசட்டின் மேல் புதிதாகப் பதிவு செய்ய முடியும். வீட்டுப் பிள்ளை முன்பக்கத்துச் சிவப்புப் பொத்தானை விளையாட்டாக அழுத்தினால் தாலி கட்டும் காட்சியின் மேல் வெற்றுத் திரை பதிவாகிவிடும். ஸ்குரூ டிரைவர் முனையால் அந்தக் காதை முறித்துவிடுங்கள். பிறகு தேவைப்பட்டால் அந்தக் குழியின் மேல் செல்லோடேப் ஒட்டிப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதால் முறிப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

மார்கழியில் தளியிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ பெட்டியைக் காரில் வைத்துத் தருமபுரிக்குக் கொண்டுவருகிறவர்கள் வீட்டுக்குள் வந்தவுடன் ஓட்டக் கூடாது. குளிர்ந்த உலோகத்தின் மேல் வெதுவெதுப்பான காற்றின் ஈரம் படிந்து, டேப், உள்ளே சுழலும் டிரம் என்ற உருளையோடு ஒட்டிக்கொள்ளும். சில டெக்குகளில் இதற்கென உணரி இருந்து தானாகவே வேலை செய்ய மறுக்கும். இரண்டு மணி நேரம் மூடியைத் திறக்காமல் அறையில் வைத்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

முதலில் பழைய சினிமாக் கேசட்டைப் பத்து நிமிடம் ஓட்டி, எடுத்துப் பார்த்து, டேப்பில் மடிப்போ கீறலோ இல்லை என்று கண்ட பிறகே வீட்டுக் கேசட்டைப் போட வேண்டும். வீட்டுக் கேசட்டையும் எடுத்தவுடன் ஓட்டிப் பார்க்காமல், ஒருமுறை கடைசிவரை முன்னே சுற்றி, திரும்பப் பின்னே சுற்றினால், பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த டேப்பின் இழுவை சீராகும்.

படத்தில் கோடும் புள்ளியும்

திரையின் கீழ்ப்பகுதியிலோ நடுவிலோ பட்டையாக இரைச்சல் நின்றால் அது டிராக்கிங். பெரும்பாலான காம்போக்கள் கேசட் ஓடத் தொடங்கிய சில வினாடிகளில் தாமாகச் சரிசெய்துகொள்ளும்; வேறு டெக்கில் பதிவான கேசட்டுக்கு அது போதாமல் போகும்போது சேனல் பொத்தான்களை மேலும் கீழும் அழுத்தி நாமே திருத்தலாம். படம் சரியாகி, ஒலி மட்டும் கரகரவென்று விட்டு விட்டு வந்தால் ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்தி மோனோவுக்கு மாற்றுங்கள். ஹைஃபை ஒலி சுழலும் டிரம்மிலிருந்து வருவது, மோனோ ஒலி டேப்பின் ஓரத்திலுள்ள தனித் தடத்திலிருந்து வருவது. ஒன்று கெட்டாலும் மற்றது பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

திரை முழுக்கப் புள்ளி விழுந்து, ஒலி மட்டும் தெளிவாக வந்தால் ஹெட்டில் அழுக்கு அடைத்திருக்கிறது. இதைச் சுத்தம் செய்வதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல டெக்குகள் பல பாழாவது இந்த இடத்தில்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்குரூக்களைக் கழற்றி மேல்மூடியை எடுத்தால், நடுவே சற்றுச் சாய்ந்தாற்போல ஒரு பளபளப்பான உருளை தெரியும். 62 மி.மீ. விட்டமுள்ள இந்த டிரம், பால் முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன் விளிம்பில், கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் சிறு பிளவுகளுக்குள், நகத்தில் வெட்டிய துணுக்கைவிடச் சிறியதாக ஹெட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். டேப்பின் மேல் அவை எழுதும் ஒவ்வொரு தடமும் 49 மைக்ரான் அகலம்தான் என்பதால், ஒரு தூசி நின்றாலும் படம் போய்விடுகிறது.

மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை, அதுவும் தண்ணீர் குறைவாகக் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், வாசனை ஸ்பிரிட் எதுவும் ஆகாது. நார் உதிராத மெல்லிய தோல் துண்டையோ வெள்ளைத் தாளையோ அதில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் மெதுவாக ஒட்டிப் பிடித்தபடி அசைக்காமல் வைத்துக்கொண்டு, மறு கையின் விரலால் டிரம்மின் மேற்புறத்தைத் தொட்டுச் சுற்றிவிட வேண்டும். சுற்றுவது டிரம், துண்டு நகரக் கூடாது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், உடைந்தால் மாற்றுப் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பஞ்சுக் குச்சியை டிரம்மின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், பஞ்சின் நார் ஹெட்டில் சிக்கிக்கொள்ளும். கறுப்பு ரப்பர் ரோலர், அதை ஒட்டிய உலோகத் தண்டு, ஒலி ஹெட் ஆகியவற்றுக்கு மட்டும் பஞ்சுக் குச்சி நல்லது. அந்தக் காலத்தில் சலவை நோட்டால் ஹெட்டைத் துடைப்பார்கள் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் உங்கள் பெட்டியைக் கொடுக்காதீர்கள். முழுவதும் உலர்ந்த பிறகு, குறைந்தது கால் மணி நேரம் கழித்துத்தான் கேசட் போட வேண்டும்.

மூடியைத் திறந்து வைத்தே ஓட்டிச் சோதிக்கும்போது இன்னொரு குழப்பம் வரும். கேசட்டின் இரு முனைகளிலும் டேப் நிறமற்று ஊடுதெரியும் துண்டாக இருக்கும். அதன் வழியே அகச்சிவப்பு ஒளி புகுவதை வைத்துத்தான் டேப் முடிந்துவிட்டது என்று டெக் அறிகிறது. வெயிலோ பளிச்சென்ற பல்பு வெளிச்சமோ அந்த உணரியில் விழுந்தால், கேசட் தொடங்குமுன்பே முடிந்துவிட்டதாக எண்ணி நின்றுவிடும். அட்டையால் மறைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

திறந்த பெட்டியில் மின்வழங்கிப் பகுதியைக் கையால் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கக் கூடும். பெட்டி முழுவதும் உயிரற்றுக் கிடந்தால், அதாவது டிவிடியும் ஓடாமல் கேசட்டும் ஓடாமல் இருந்தால், கோளாறு பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். தலை வீங்கிய கெப்பாசிட்டர்களை மாற்றுவது டிவி மெக்கானிக் எவருக்கும் தெரிந்த வேலை; டெக் வேலையே தெரியாதவராக இருந்தாலும் இதை அவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

கேசட் உள்ளே இருக்கும்போது கரண்ட் போனால்

கேசட் ஓடும்போது டேப், கூட்டிலிருந்து வெளியே இழுக்கப்பட்டு டிரம்மைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் மின்சாரம் போனால் டேப் அப்படியே மாட்டிக்கொள்ளும். பதறிப்போய்ச் சாமணத்தால் கேசட்டை வெளியே இழுப்பவர்கள் டேப்பை அறுத்துவிடுகிறார்கள். ஒன்றும் செய்யாமல் காத்திருந்து, மின்சாரம் வந்ததும் பெட்டியை இயக்கி, எஜெக்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பொறுத்திருந்தால், பெரும்பாலான டெக்குகள் டேப்பைத் தாமே சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு கேசட்டை வெளியே தள்ளும். வெளியே வந்த கேசட்டிலிருந்து டேப் தொங்கினால், அதன் அடியில் நடுவேயுள்ள துளையில் மெல்லிய குச்சியை விட்டு அழுத்தினால் உள் தடை விலகும். அப்போது சக்கரத்தைக் கையால் சுற்றி டேப்பை உள்ளே இழுத்துவிடலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இருப்பவர்கள் பெட்டியை இன்வர்ட்டர் இணைப்பிலேயே மாட்டிவிடுவது இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ளிவிடும். மாங்காய்ப் பருவத்தில் சாயங்காலம் இடியோடு கோடை மழை இறங்கும் நாட்களில், ஏவி கேபிளையும் சேர்த்துப் பிடுங்கிவைப்பது நல்லது.

டிவிடிப் பகுதி

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வட்டு நின்று நின்று ஓடினால், முதலில் வட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் லென்ஸைச் சுத்தம் செய்யலாம். கடையில் வாங்கிய சினிமா வட்டு ஓடி, ஸ்டுடியோவில் எழுதிக்கொடுத்த வட்டு மட்டும் ஓடவில்லை என்றால் லேசர் தளர்ந்து வருகிறது அல்லது அந்த வட்டின் சாயப்பூச்சு மங்குகிறது; கணினியில் போட்டு நகலெடுத்துக்கொள்வதே வழி.

கேசட்டைக் கணினிக்கு மாற்றுதல்

யுஎஸ்பி வழியாக இணையும் சிறு கேப்சர் கருவி ஒன்று போதும். காம்போவின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வெளியீட்டை அதில் சொருகி, மென்பொருளில் பால் முறையையும் 720க்கு 576 அளவையும் வினாடிக்கு 25 படங்களையும் தேர்ந்தெடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோடுவதாகவோ தெரிந்தால், மென்பொருள் என்டிஎஸ்சியில் நிற்கிறது என்று கொள்ளலாம். வழக்கமான டிவிடித் தரத்தில் 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரம் அடங்கும். அதே கணக்கில் மூன்று மணி நேர ஈ-180 கேசட்டுக்கு ஏறக்குறைய 7 ஜிபி இடம் வேண்டும். மாற்றும் வேலை கேசட் ஓடும் நேரத்துக்குக் குறையாது. வேகமாக ஓட்டிப் பதிவு செய்ய வழியில்லை. கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டில் நகலெடுப்பதைத் தடுக்கும் குறிகை இருந்தால் படம் மங்கியும் பிரகாசித்தும் அலைக்கழிக்கும். வீட்டுக் கேசட்டில் அது கிடையாது.

காம்போ ரெக்கார்டர் வைத்திருப்பவர்கள் வட்டில் பதிவு முடிந்ததும் ஃபைனலைஸ் செய்ய, அதாவது வட்டைப் பிற பிளேயர்களுக்கு ஏற்றபடி முடித்துவைக்க, மறந்தால் அந்த வட்டு வேறு பிளேயர்களில் ஓடாது. ஸ்டுடியோவில் கொடுத்து மாற்றுகிறவர்கள், பாட்டு சேர்த்து வெட்டி ஒட்டிய வட்டோடு நின்றுவிடாமல், வெட்டாத முழுக் கோப்பையும் பென் டிரைவில் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, நடுவில் ஒலி விடுபட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்த பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுதும் பின்னே சுற்றி, கூட்டில் போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி, ஸ்பீக்கருக்கு அருகே இல்லாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.